உணவோடு விளையாட்டும்: இளங்குழந்தை வளர்ச்சியில் இல்லத்தின் பங்கு

நடை பழகிய குழந்தை நாள் முழுவதும் ஓய்வதில்லை. அடுக்களைப் பாத்திரங்களைத் தட்டிப் பார்க்கிறது. முறத்திலுள்ள அரிசியை அள்ளி இறைக்கிறது. மாடிப்படியில் ஏறிவிட்டு இறங்க வழி தெரியாமல் அழுகிறது. பெரியவர்கள் இவற்றைக் குறும்பு என்பர். குழந்தை வளர்ச்சியை ஆராய்வோர் இவற்றைக் கற்றல் என்பர். இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. குழந்தை நலத்துக்கென அரசு செலவிடும் தொகை முழுப் பயனையும் அளிக்குமா என்பது பெரிதும் இதனைப் பொறுத்தே அமைகிறது.

ஐதராபாத் அளித்த அடிப்படை

இந்தியக் குழந்தையின் உணவுத் தேவையைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி ஐதராபாத்திலிருந்து கிடைத்ததாகும். 1918ஆம் ஆண்டு குன்னூரில் சர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவே பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக விளங்கினார். ஏழைக் குழந்தைகளின் நலிவுக்குப் புரதக் குறைவே காரணம் என உலகெங்கும் கருதப்பட்ட காலத்தில், வயிறு நிறையும் அளவுக்கு உணவு கிடைக்காமையே முதற் குறை என்று அவரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர். வறுத்த கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, வெல்லம் ஆகிய எளிய பொருள்களாலான ‘ஐதராபாத் கலவை’ இந்தச் சிந்தனையின் வழி வந்ததே.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாக விரிந்துள்ளது. தெலங்கானாவில் ஏழு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் ‘பாலாமிர்தம்’ என்னும் சத்துமாவு வழங்கப்படுகிறது. எனினும், 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் இந்தியாவில் 35.5 விழுக்காடு, தெலங்கானாவில் 33.1 விழுக்காடு. இக்குழந்தைகள் உயரத்தில் மட்டுமன்றி, பின்னாளில் கல்வியிலும் வருவாயிலும் பின்தங்க நேர்கிறது என்பதே கவலைக்குரியது.

ஜமைக்கா ஆய்வு

உணவு மட்டும் இவ்விழப்பை ஈடுசெய்யுமா? இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடையளித்த ஆய்வு 1986-87ஆம் ஆண்டுகளில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் தொடங்கியது. ஏழ்மை மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த, 9 முதல் 24 மாதம் வரையான, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் பால் கலந்த சத்துணவு வழங்கப்பட்டது. மற்றொன்றில் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு முறை வீட்டுக்குச் சென்று, ஒரு மணி நேரம் தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடவும் பேசவும் பழக்கினார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவதற்கு இரண்டும் இல்லை. பயன்படுத்திய விளையாட்டுப் பொருள்களோ, வீட்டில் கழித்துப் போட்டவற்றால் செய்தவை.

ஈராண்டு முடிவில் உணவும் பயனளித்தது, விளையாட்டும் பயனளித்தது. இரண்டும் பெற்றோர் மிகுந்த முன்னேற்றம் கண்டனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, உணவு மட்டும் பெற்றவர்களின் அறிவுத்திறன் ஆதாயம் மறைந்தது. விளையாட்டுப் பயிற்சியின் ஆதாயம் நிலைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அப்பயிற்சி பெற்றோரின் வருவாய், பெறாதோரின் வருவாயைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்ததென 2014ஆம் ஆண்டு வெளியான பொருளாதார ஆய்வு கண்டறிந்தது. பொருளாதாரம் பயில்வோர் மனிதவள முதலீட்டுக்கு இதைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளிலும் இம்முறை பின்னர் செயற்படுத்தப்பட்டு நற்பயன் தந்தது.

இதனால் உணவின் இன்றியமையாமை குறைந்துவிடாது. பசித்த குழந்தை விளையாடாது; விளையாடாத குழந்தையோடு பேசுவாரும் குறைவர். உணவு விளையாட்டுக்கு ஆற்றல் தருகிறது. விளையாட்டு அந்த ஆற்றலைத் திறனாக மாற்றுகிறது.

இல்லமே பயிற்சிக் களம்

இப்பயிற்சிக்குத் தனி வகுப்பறை தேவையில்லை. 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், நீர் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல், துடைத்தல் போன்ற வீட்டு வேலைகளையே கல்வியின் தொடக்கமாக அமைத்திருந்தார்.

ஐதராபாத்தின் எளிய குடும்பம் ஒன்றில் இத்தகைய வாய்ப்புகள் நிறையவே உண்டு. பருப்பில் கல் பொறுக்கும் பாட்டியின் அருகில் அமர்ந்து ஒவ்வொரு மணியாக எடுக்கும் குழந்தை, பின்னாளில் எழுதுகோல் பிடிக்கும் விரல்களைப் பழக்குகிறது. குழாயடியில் சிறு செம்பை நிரப்பிக் கவிழ்க்கும்போது கொள்ளளவை அறிகிறது. வீட்டில் தெலுங்கும் அண்டை வீட்டில் உருதுவும் கேட்டு வளர்வதால், ஆளுக்கேற்ற மொழியைத் தேர்ந்துகொள்ளவும் கற்கிறது. பதுகம்மா பண்டிகையின்போது குடிமல்காபூர்ச் சந்தையிலிருந்து வந்த பூக்களை நிறம் பிரித்து, தட்டில் வட்ட வட்டமாக, அகன்ற அடுக்கின்மேல் குறுகிய அடுக்காகப் பெண்கள் அமைப்பர். அருகிலிருந்து ஆவாரம்பூவை எடுத்துக் கொடுக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு நிறம், அளவு, வரிசை ஆகிய மூன்று பாடங்களும் ஒருங்கே கிடைக்கின்றன.

இவை தாமாகவே பாடமாகிவிடுவதில்லை. குழந்தை சுட்டிக்காட்டும்போது அதன் பெயரைச் சொல்லுதல், கேட்டதற்கு விடையளித்தல், முயன்று தோற்கும்போது சற்றுப் பொறுத்திருந்து பின்னர் உதவுதல் ஆகியவை பெரியவர்களின் பங்காகும். அடுப்பு, நீர்த்தொட்டி, தெரு ஆகியவற்றின் ஆபத்திலிருந்து காத்தலும் அவர்களது கடமையே.

ஒப்பீடு வேண்டா

திறன்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைக் கண்காணித்து உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, தனியே நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதம் முதல் 17½ மாதம் வரை வேறுபடுகிறது. தவழாமலே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் நூற்றுக்கு நால்வர் இருந்தனர். எனவே, அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்துதல் தேவையற்றது. எல்லையைக் கடந்தும் ஒரு திறன் வரவில்லையெனில் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு வயது நிறையும் வரை குழந்தைகளுக்குப் பேணுதலும் கல்வியும் வழங்க அரசு முயல வேண்டுமெனக் கூறுகிறது. 2024ஆம் ஆண்டு மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான ‘நவசேதனா’ என்னும் வழிகாட்டியை வெளியிட்டது. வீட்டில் செய்யத்தக்க எளிய விளையாட்டுகளை அது மாத வாரியாக விளக்குகிறது.

ஆயினும் மூன்று வயதுக்குட்பட்டோர் அங்கன்வாடிக்கு நாள்தோறும் வருவதில்லை. சத்துமாவே அவர்களை நாடிச் செல்கிறது. மாவு செல்லும் வழியிலேயே விளையாட்டு அறிவுரையும் செல்ல வேண்டும். பதிவேடுகளாலும் பிற பணிகளாலும் சுமை மிகுந்த அங்கன்வாடிப் பணியாளருக்கு இதற்கென நேரம் ஒதுக்கித் தருவது மேற்பார்வை அலுவலரின் பொறுப்பு. வழங்கிய மாவின் எடை கணக்கில் ஏறுவது போல, வீட்டில் செலவிட்ட நேரமும் பணியாகக் கணக்கிடப்பட வேண்டும்.

மற்றொரு தடை தாயின் நேரமின்மை. கூலி வேலை முடிந்து மாலையில் திரும்பும் பெண்ணிடம் மேலும் ஒரு கடமையைச் சுமத்துவது நியாயமாகாது. தந்தை, பாட்டனார், மூத்த பிள்ளைகள் அனைவரும் இதில் பங்கேற்க வேண்டும். பணியிடங்களுக்கு அருகில் குழந்தைக் காப்பகங்களும் பெருக வேண்டும். சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசிக்கொண்டே செய்வது எவருக்கும் கூடுதல் நேரம் கேட்பதன்று. இதனை எடுத்துக்கூறும் பணியாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று சேர்வதே இன்றைய தேவையாகும்.