தொலைவில் இருக்கும் துணைக்கு ஒரு ஸலாம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரித்தானது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கணவர் ரியாதில் இருக்கிறார். மனைவி ஊரில் இருக்கிறார். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்திற்கு எவ்வளவு செய்வது என்று தொலைபேசியில் தொடங்கிய பேச்சு, பழைய கணக்குகளுக்குத் தாவி, பெற்றோரைக் குறை சொல்வதில் போய் நிற்கிறது. ஒருவர் இணைப்பைத் துண்டித்துவிடுகிறார். அதன்பின் ஒரு நாள் போகிறது. இரண்டு நாள் போகிறது. இருவர் கையிலும் கைபேசி இருக்கிறது. இருவரும் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் முதலில் எழுதுவது யார்?

வளைகுடா நாடுகளில் உழைப்போரின் இல்லங்களில் இது அன்றாடம் நடப்பது. ஓராண்டுக்கு ஒருமுறையோ ஈராண்டுக்கு ஒருமுறையோதான் முகம் பார்க்கும் வாய்ப்பு. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த இல்லறம் கைபேசியில்தான் வாழ்கிறது. சண்டை அதில் வருவதைப் போலவே சமாதானமும் அதில்தான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே, பிணக்குக்குப் பின் எழுதி அனுப்பும் ஒரு சிறு செய்திக்கு மார்க்கத்தில் என்ன மதிப்பு, அதை எப்படி எழுதுவது, எப்படி வாசிப்பது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

பிணக்கு இல்லாத இல்லமில்லை

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கணவன் மனைவிக்கிடையே மனத்தாங்கல் வந்துவிட்டாலே அந்த இல்லறம் கெட்டுவிட்டது என்பதில்லை. சுவனத்துப் பெண்களின் தலைவி ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கும் அலீ (ரலி) அவர்களுக்கும் இடையே ஒருநாள் ஏதோ வருத்தம் ஏற்பட்டது. அலீ (ரலி) அவர்கள் பகல் ஓய்வுக்குக்கூட வீட்டில் தங்காமல் வெளியே சென்றுவிட்டார்கள். மகளின் வீட்டுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள், "உன் கணவர் எங்கே?" என்று கேட்கவில்லை, தந்தை வழி உறவைச் சொல்லி அவரைப் பற்றி விசாரித்தார்கள். உறவை நினைவூட்டி மகளின் மனத்தை இளக்கவே அப்படிக் கேட்டார்கள் என ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பின்னர் பள்ளிவாசலில் மேலாடை நழுவி மண் ஒட்டிய நிலையில் படுத்திருந்த மருமகனைத் தேடிச் சென்று, தம் கையாலேயே மண்ணைத் துடைத்து, 'மண்ணின் தந்தையே' எனும் பொருள்பட 'அபூ துராப்' என்று செல்லமாக அழைத்து எழுப்பினார்கள். இதை ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அந்தப் பெயரே அலீ (ரலி) அவர்களுக்கு மிகவும் பிரியமான பெயராக ஆயிற்று.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது: சண்டை எதைப் பற்றியது என்று நபி (ஸல்) அவர்கள் துருவிக் கேட்டதாக அறிவிப்பில் இல்லை. யார் மீது தவறு என்ற தீர்ப்பும் இல்லை. அன்பான ஓர் அழைப்பு மட்டுமே இருக்கிறது.

எழுத்தால் பேசினால் பேசியதாகுமா?

ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று; இருவரில் ஸலாமைக் கொண்டு முந்திக்கொள்பவரே சிறந்தவர் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி, முஸ்லிம்). திங்கள், வியாழன் நாட்களில் அடியார்களின் பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன. ஆனால் தம்மிடையே பகைமை கொண்ட இருவரின் விவகாரம் மட்டும் அவர்கள் இணங்கும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் ஹதீஸ் உண்டு (முஸ்லிம்). ஊரார் விஷயத்திலேயே இப்படியென்றால், ஒருவருக்கொருவர் ஆடையென்று குர்ஆன் வர்ணிக்கும் (2:187) தம்பதியர் விஷயத்தில் சொல்லவும் வேண்டுமா?

சரி, எதிரில் இல்லாதவரிடம் எப்படிப் பேசுவது? இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் கைபேசிக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 631–676), ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதை ஆராய்கிறார்கள். பிணங்கியிருப்பவர் தொலைவில் இருக்கும்போது அவருக்குக் கடிதம் எழுதினாலோ தூது அனுப்பினாலோ, ஒதுக்கி வைத்த பாவம் நீங்குமா? வாயால் பேசவில்லையே, ஆகவே நீங்காது என்பது ஒரு கருத்து. நீங்கிவிடும் என்பது மற்றொரு கருத்து. இரண்டாவதே மிகச் சரியானது என்கிறார்கள் இமாமவர்கள். அதற்கு அவர்கள் காட்டும் காரணம்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. எழுத்தினால் 'வஹ்ஷத்' நீங்கிவிடுகிறது என்பதே அந்தக் காரணம். 'வஹ்ஷத்' என்றால் அந்நியம், தனிமையின் மருட்சி, நெஞ்சங்கள் ஒன்றுக்கொன்று வேற்றாளாகிப்போன நிலை.

ஆகவே உரைகல் நம் கைக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் எழுதும் செய்தி அந்த அந்நியத்தைப் போக்குகிறதா? போக்கினால் அது சமாதானம். கூட்டினால், எத்தனை பக்கம் எழுதினாலும் அது சண்டையின் தொடர்ச்சியே.

எழுதுபவர் கவனிக்க வேண்டியவை

அக்காலக் கடிதம் வந்து சேர நாட்கள் பிடித்தன. கோபத்தில் எழுதியதை மறுநாள் கிழித்துப்போட அவகாசம் இருந்தது. இன்று விரல் அழுத்திய நொடியில் செய்தி கடல் தாண்டிவிடுகிறது. அனுப்பியதை அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2017ஆம் ஆண்டு வந்தது உண்மைதான். ஆனால் படித்த நெஞ்சிலிருந்து அழிக்க எந்த வசதியும் இல்லை. எனவே கோபம் கொதிக்கும்போது எழுதாதீர்கள். கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (அபூதாவூத்). கைபேசியைக் கீழே வைப்பதும் அவ்வழியைச் சேர்ந்ததே. ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு எழுதுங்கள்; சொற்கள் மாறியிருக்கும்.

எழுதும்போது ஸலாமிலிருந்து தொடங்குங்கள். பிறகு உங்கள் தவறை மட்டும் சொல்லுங்கள். "நான் கத்தியது தவறுதான், ஆனால் நீயும்தானே..." என்று எழுதினால், முன்பாதியில் கேட்ட மன்னிப்பைப் பின்பாதி விழுங்கிவிடும். "அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று உன் வாப்பாவைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு. இஷாவுக்குப் பிறகு கூப்பிடட்டுமா?" இவ்வளவு போதும். மனைவி எழுதுவதானால், "அஸ்ஸலாமு அலைக்கும். கோபத்தில் போனை வைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். சாப்பிட்டீர்களா?" என்பது போதும். 'சாப்பிட்டீர்களா' என்ற ஒரு சொல் பத்து வரி விளக்கத்தை விட வேகமாக அந்நியத்தைப் போக்கும்.

இந்தச் செய்தியில் வழக்கைத் தீர்க்க முயலாதீர்கள். கல்யாணத்திற்கு எவ்வளவு செய்வது என்ற பிரச்சினை அப்படியே இருக்கட்டும். எழுத்தில் குரலின் குழைவு தெரியாது. முகத்தின் வாட்டம் தெரியாது. "சரி" என்று எழுதினால் அது சம்மதமா, சலிப்பா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். வருத்தத்தில் இருப்பவர் கெட்டதாகவே ஊகிப்பார். ஆகவே எழுத்து கதவைத் திறக்கட்டும்; பேச்சு உள்ளே வரட்டும். மனிதர்களிடையே ஷைத்தான் பிளவை மூட்டுவதால், உள்ளதில் மிக அழகான சொல்லையே பேசும்படி அல்லாஹ் கட்டளையிடுவதை (17:53) எழுதும் விரலுக்கும் உரியதாகக் கொள்ளுங்கள்.

இணக்கத்திற்காகச் சற்று மிகைப்படுத்தி அன்பைச் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் பேசும் பேச்சில் இத்தகைய சலுகை உண்டென்று உம்மு குல்தூம் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது (முஸ்லிம்). ஆனால் இது பிரியத்தை வெளிப்படுத்துவதில்தான். ஒருவர் மற்றவரின் உரிமையைப் பறிக்கவோ ஏமாற்றவோ பொய் சொல்வது ஹராம் என்று மார்க்க அறிஞர்கள் எல்லை வகுத்துள்ளார்கள். பணம் அனுப்பாமலேயே அனுப்பிவிட்டதாக எழுதுவது இந்தச் சலுகையில் சேராது.

எழுதவே கூடாதவை

துணையின் செய்தியைப் படம் பிடித்துத் தாய்க்கோ தமக்கைக்கோ அனுப்பாதீர்கள். நாளை நீங்கள் இருவரும் சமாதானமாகிவிடுவீர்கள். அந்தப் படம் அவர்கள் மனத்திலும் கைபேசியிலும் அப்படியே இருக்கும். பலர் பார்க்கும் 'ஸ்டேட்டஸ்' பகுதியில் குத்தல் மொழிகளை வைப்பதும் இதே போன்றதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'தலாக்' எனும் சொல்லை மிரட்டலாகவோ விளையாட்டாகவோ கைபேசியில் எழுதாதீர்கள். விளையாட்டாகச் சொன்னாலும் வினையாகவே கொள்ளப்படும் மூன்றில் தலாக்கும் ஒன்று என்பது நபிமொழி (அபூதாவூத், திர்மிதீ). கணவன் மனைவியைப் பிரித்துவிட்டு வந்த ஷைத்தானையே இப்லீஸ் அருகில் அழைத்து அணைத்துக்கொள்கிறான் என்றும் ஹதீஸ் உண்டு (முஸ்லிம்). எழுத்தில் சொல்லப்படும் தலாக்கின் நிலை பற்றி மத்ஹபு நூல்களில் நுட்பமான சட்டங்கள் உள்ளன. யாரேனும் கோபத்தில் அப்படி எழுதிவிட்டால் தாமே முடிவெடுக்காமல், மறைக்காமல், உடனே தகுதியுள்ள ஆலிமை அணுக வேண்டும். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடனடி முத்தலாக்கை வாயால் சொன்னாலும் எழுதினாலும் மின்னணுச் செய்தியாக அனுப்பினாலும் அது செல்லாது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

வாசிப்பவரின் கடமை

சமாதானச் செய்தி அனுப்புபவருக்கு ஒரு பங்கு என்றால், பெறுபவருக்கும் ஒரு பங்கு உண்டு. கடிதத்தில் ஸலாம் எழுதி வந்தால், அது கிடைத்தவர் பதில் ஸலாம் கூறுவது கடமை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்அத்கார்' நூலில் எழுதுகிறார்கள். 2014ஆம் ஆண்டு முதல் வாட்ஸ்அப்பில் செய்தி படிக்கப்பட்டதும் நீல நிறக் குறி தோன்றுகிறது. நீலக்குறியைக் காட்டிவிட்டு ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் துணையை ஏங்க வைப்பவர், தாம் ஒரு கடமையையும் விடுகிறோம் என்பதை உணரட்டும். அதேவேளையில் எழுதியவரும் அவசரப்படக் கூடாது. இங்கே இரவு பத்து மணி என்றால் ரியாதில் ஏழரை மணி. அவர் வேலையில் இருக்கலாம், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். நல்லெண்ணம் கொள்வதும் ஈமானின் பண்பே.

சொல்லின் உள்ளே இருக்கும் மனத்தை வாசிக்க நபி (ஸல்) அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கும்போது முஹம்மதின் இறைவன் மீது என்று சத்தியம் செய்வார்கள். வருத்தத்தில் இருக்கும்போது இப்ராஹீமின் இறைவன் மீது என்பார்கள். இந்தச் சிறு மாற்றத்தை வைத்தே மனைவியின் மனத்தைத் தாம் அறிந்துகொள்வதாக நபி (ஸல்) அவர்கள் அவரிடமே சொன்னார்கள். தாம் விட்டுவிடுவது அவர்களின் பெயரை மட்டுமே என்று அன்னையவர்கள் பதிலளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). எத்தனை மென்மை பாருங்கள்! கண்டிப்பு இல்லை, கவனம் இருக்கிறது. வழக்கமாக நீளமாக எழுதும் மனைவி இன்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினால் அதில் இருப்பது திமிர் என்று முடிவு கட்டாதீர்கள், வருத்தமாக இருக்கலாம்.

எழுத்து போதாத இடங்கள்

இமாமவர்களின் ஆய்வு தொலைவில் இருப்பவரைப் பற்றியது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே வீட்டில், அடுத்த அறையில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது அழகன்று. எழுந்து சென்று ஸலாம் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தூது அனுப்பி அவர்கள் பிஞ்சு நெஞ்சில் பாரம் ஏற்றாதீர்கள்.

அதேபோல அடி, உதை, செலவுக்குப் பணம் தராமை, திரும்பத் திரும்ப நடக்கும் அவமதிப்பு ஆகியவற்றை ஒரு மன்னிப்புச் செய்தியால் மூடிவிட முடியாது. அங்கே பாதிக்கப்பட்டவர் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. கணவன் தரப்பில் ஒருவரும் மனைவி தரப்பில் ஒருவரும் நடுவராக வரட்டும் என்று குர்ஆன் (4:35) வழிகாட்டுகிறது. இணக்கத்தை நாடுவோருக்கு அல்லாஹ் ஒற்றுமையை ஏற்படுத்துவதாகவும் அவ்வசனம் வாக்களிக்கிறது.

அருமைச் சகோதர சகோதரிகளே! சமாதானமே மேலானது என்று கூறும் இறைவசனம் (4:128), உள்ளங்கள் கஞ்சத்தனத்தின் பக்கம் சாயக்கூடியவை என்றும் உடனே சொல்கிறது. பணத்தில் மட்டுமா கஞ்சத்தனம்? 'மன்னித்துவிடு' என்ற ஒரு சொல்லைக் கொடுக்க மனம் வராததும் கஞ்சத்தனமே. உங்கள் துணையுடன் இன்று பிணக்கு இருக்குமானால், மூன்றாம் நாள் முடியும்வரை காத்திராதீர்கள். இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு ஒரு ஸலாம் எழுதுங்கள். முந்திக்கொள்பவரே சிறந்தவர்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக! தொலைவில் உழைப்போரையும் அவர்களுக்காகக் காத்திருப்போரையும் ஒருவருக்கொருவர் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! ஆமீன்.