மாணவ இதழியற் பரிசுகளும் ஆலோசகரின் நிலையும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

ஐக்கிய அமெரிக்காவிற் பல்கலைக்கழக மாணவர் நடத்தும் பத்திரிகைகளை, நம்மிடையே ஆண்டுக்கொரு முறை வெளிவரும் சங்கச் சஞ்சிகைகளைக் கொண்டு விளங்கிக்கொள்ள முடியாது. அவற்றுட் பல கிழமைதோறும், சில நாள்தோறும் வெளிவந்தவை. விளம்பர வருவாயும் தமக்கென அலுவலகமும் உடையவை. ‘இன்டியானா டெய்லி ஸ்ரூடன்ற்’ 1867ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. இப்பத்திரிகைகளைச் சூழ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்திற் பரிசுகளும் பாராட்டுகளும் கொண்ட ஓர் அமைப்பு வளர்ந்துள்ளது. அது எதனைப் பாராட்டுகின்றது, பாராட்டுப் பெற்றவருக்கு அப்பாராட்டு எவ்வளவு தூரம் துணைநிற்கின்றது என்பன ஆராயத்தக்கவை.

இப்பரிசுகளுள் நெடிய வரலாறு உடையது ‘பேஸ்மேக்கர்’ ஆகும். 1921இல் தோன்றிய மாணவ இதழியற் சங்கம் ஒன்று 1927 முதல் இதனை வழங்கி வந்துள்ளது. கல்லூரிப் பத்திரிகைகளுக்கென அச்சங்கத்துக்குத் தனிப் பிரிவும் உண்டு. செய்தித் திரட்டு, எழுத்தின் தரம், பக்க அமைப்பு, ஒளிப்படம், தலைமைத்துவம் ஆகியவை மதிப்பீட்டு அளவுகோல்கள். அளவுகோல்கள் குறைகூறத்தக்கவையல்ல. எனினும் மதிப்பீட்டாளர் முன் வைக்கப்படுவது முடிந்த பண்டமே. அப்பண்டம் எத்தகைய உறவுகளுள் உற்பத்தியாயிற்று, அச்சுக்கூலியை யார் கொடுத்தார், எச்செய்தி எவரால் தடுக்கப்பட்டது என்பன பக்கத்திலே புலப்படுவதில்லை. போட்டியில் நுழையக் கட்டணமும் உண்டு. வசதி குறைந்த கல்லூரிக்கு அதுவே ஒரு வாயிற்காவல்.

1960இல் தொடங்கிய ஹேர்ஸ்ற் இதழியற் பரிசுத் திட்டம் இன்னொரு வகையானது. பரபரப்புப் பத்திரிகைகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் ராண்டோல்ப் ஹேர்ஸ்ற்றின் பெயரால் அமைந்த நிதியம் இதனை நடத்துகின்றது. அங்கீகாரம் பெற்ற இதழியற் கல்வி நிறுவனங்களின் மாணவரே இதிற் போட்டியிடலாம். வெற்றி பெறும் மாணவருக்குப் பணம் கிடைப்பதோடு அவர் பயிலும் நிறுவனத்துக்கும் தொகையொன்று கிடைக்கின்றது. ஆகவே மாணவரின் திறமை நிறுவனத்தின் கணக்கிலும் வரவாகின்றது. இதனை நாம் வியப்புடன் நோக்க வேண்டியதில்லை.

மிகுந்த முரண்பாடு புலனாவது ஆலோசகரின் நிலையிலேயே. ஆலோசகர் என்பார் பத்திரிகையின் ஆசிரியர் அல்லர். எச்செய்தியை வெளியிடுவது என்னும் முடிவு மாணவருடையது; பயிற்றுவதும் கணக்கைக் கவனிப்பதும் சட்டச் சிக்கல்களை எடுத்துரைப்பதுமே அவர் பணி. ஆனால் அவருக்கு வேதனம் தருவது பெரும்பாலும் பல்கலைக்கழகம். மாணவர் துருவி ஆராயும் நிருவாகமே அவருடைய தொழில்வழங்குநர். நமது சங்கங்களின் பெரும்பொருளாளர் விரிவுரையாளர் என்ற முறையில் வேறொரு பதவியில் நிலைத்திருப்பவர். இவர்களுட் பலருக்கோ ஆலோசகர் தொழிலே வாழ்வாதாரம்.

1954இல் தோன்றிய கல்லூரி ஊடக ஆலோசகர் சங்கம் இத்தகையோருக்குப் பல விருதுகளை வழங்குகின்றது. அவற்றுள் நோயல் றொஸ் ஸ்ரேடர் நினைவு விருது தனித்துச் சுட்டத்தக்கது. தமக்கு இடர் நேரும் என அறிந்தும் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பேணிய ஆலோசகருக்கு உரியது அது. ஒரு தொழிலிற் கடமையைச் செய்தமைக்காகவே தொழிலை இழக்கும் நிலை, தனிவிருது ஒன்றை வேண்டி நிற்குமளவுக்கு வழமையாகிவிட்டது என்பதற்கு இவ்விருதே சான்று. சங்கம் விசாரணை நடத்தும்; தவறிழைத்த பல்கலைக்கழகத்தைக் கண்டித்து அறிக்கையும் விடும். வேதனத்தை மீட்டுக் கொடுக்கும் வலு அதற்கில்லை.

இன்டியானாவில் 2025 ஒக்டோபரில் நிகழ்ந்தது இதனைத் தெளிவாக்கும். ‘டெய்லி ஸ்ரூடன்ற்’ பலமுறை ‘பேஸ்மேக்கர்’ வென்ற பத்திரிகை. பழைய மாணவர் ஒன்றுகூடும் விழாவையொட்டிய அச்சிதழில் விழாச் செய்திகளைத் தவிர வேறு செய்தி இடம்பெறலாகாது என நிருவாகம் பணித்தது. மாணவ ஊடகப் பணிப்பாளரும் பத்திரிகையின் ஆலோசகருமாகிய ஜிம் ரோடன்புஷ், அது தணிக்கையாகும் எனக் கூறி மறுத்தார். ஒக்டோபர் 14இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அச்சுப் பதிப்பும் உடன் நிறுத்தப்பட்டது. எண்மின் ஊடகத்துக்கு முதன்மை அளிப்பதாக நிருவாகம் விளக்கம் கூறிற்று. ஆனால் விழாவிதழ் அச்சாவதை நிருவாகம் முதலில் எதிர்க்கவில்லை, அதிற் செய்தி இருப்பதையே எதிர்த்தது என்பதை நோக்கும்போது இவ்விளக்கம் வலுவிழக்கின்றது.

பேர்டியூ பல்கலைக்கழக மாணவரின் ‘எக்ஸ்போனன்ற்’ அவ்வேளையிற் சிறப்பிதழொன்றை அச்சிட்டு இன்டியானா வளாகத்துக்குக் கொண்டுவந்து விநியோகித்தது. விளையாட்டுக் களத்திற் பரம்பரைப் பகைமை பேணும் இரு பல்கலைக்கழகங்களின் மாணவரிடையே தோன்றிய இவ்வொருமைப்பாடு எந்தப் பரிசிலும் மேலானது என்பது என் கருத்து. ‘எக்ஸ்போனன்ற்’ பல்கலைக்கழகத்துக்குப் புறம்பான சுயாதீன நிறுவனம் என்பதனாலேயே இது இயலுமாயிற்று. எதிர்ப்பு வலுத்ததும் அம்மாத இறுதியில் அச்சிடும் அனுமதி மீள வழங்கப்பட்டது. ஆலோசகரின் பணிநீக்கமோ அதனுடன் நீக்கப்படவில்லை. அவர் நீதிமன்றத்தை நாடினார்.

ஸ்ரான்போர்ட்டில் நிகழ்ந்ததோ வேறு. 2022 இறுதியில், தியோ பேக்கர் என்னும் முதலாண்டு மாணவர், பல்கலைக்கழகத் தலைவர் மார்க் ரெசியே-லவீனின் ஆய்வுக் கட்டுரைகளிலுள்ள படங்கள் பற்றிய ஐயங்களை ‘ஸ்ரான்போர்ட் டெய்லி’யில் வெளியிட்டார். 2023இல் அவருக்கு ஜோர்ஜ் போல்க் விருது கிடைத்தது. அவ்விருதினைப் பெற்றோருள் வயதில் மிக இளையவர் அவரே. அவ்வாண்டு யூலையிற் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அவர் தாமே தரவுகளைத் திரித்தார் என விசாரணைக் குழு காணவில்லை. பிழைகளைத் திருத்தத் தவறினார் என்றே கண்டது. மாணவரின் துணிவு பெரிதும் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதே. ஆயின் அப்பத்திரிகை 1973இலேயே பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனமாயிற்று என்பது பாராட்டுரைகளில் அரிதாகவே குறிப்பிடப்பட்டது. தலைவரால் நிறுத்தத்தக்க வேதனமோ அச்சுச் செலவோ அங்கு இருக்கவில்லை.

கலிபோர்னியா மாநிலம் 2008இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மாணவரின் கருத்துச் சுதந்திரத்தைக் காத்தமைக்காக ஆசிரியரையோ ஊழியரையோ பணிநீக்குவதையும் இடமாற்றுவதையும் அது தடைசெய்கின்றது. இதனை வேண்டி நின்றோர், பணியிழந்தும் மாற்றப்பட்டும் போன ஆலோசகர்களின் அனுபவங்களையே சான்றாகக் காட்டினர். இன்டியானாவின் ஆலோசகருக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை.