பல்வலிக்குக் கிராம்பு: எதுவரை உதவும்?

இரவில் பல்வலி கண்டால் நம் வீடுகளில் முதலில் திறக்கப்படுவது அஞ்சறைப்பெட்டிதான். அதிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வலிக்கும் பல்லில் அடக்கிக்கொண்டால், சிறிது நேரத்தில் அவ்விடம் மரத்து வலி தணிகிறது. இப்பழக்கத்திற்கு மருத்துவ அடிப்படை உண்டு. கிராம்பு என்பது மலர்வதற்கு முன்பே பறித்து உலர்த்தப்படும் மொட்டு. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், கன்னியாகுமரி மாவட்டத்து மலைத்தோட்டங்களிலும் விளைகிறது. மொட்டிலுள்ள எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால் என்னும் பொருளாகும். அது நரம்பின் வழியே வலியுணர்வு செல்வதைத் தடுக்கிறது. பற்குழியைத் தற்காலிகமாக அடைப்பதற்குப் பல் மருத்துவர்களும் துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் குழைத்துப் பயன்படுத்துகின்றனர். பல் மருத்துவப் பிரிவில் வீசும் கிராம்பு மணத்திற்கு இதுவே காரணம்.

சித்த மருத்துவத்தில் இலவங்கம் எனப்படும் இது, குமட்டலுக்கும் செரியாமைக்கும் நெடுங்காலமாக வழங்கப்படுகிறது. சமையலில் சேர்க்கும் அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால், சொத்தை பல்லின் உட்பகுதிவரை சென்று வேரடியில் சீழ் கட்டியிருந்தால், அதனைக் கிராம்பு ஆற்றாது. வலி குறைந்தது என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் நாள்களில் தொற்று பரவக்கூடும். கன்னமோ தாடையோ வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாமற்போனால், நள்ளிரவாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

கடைகளில் விற்கும் கிராம்பு எண்ணெய் பற்றித்தான் எங்களுக்குக் கவலை மிகுதி. கிராம்பை மெல்வதும் இவ்வெண்ணெயைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. இது மிகவும் செறிவானது. நேரடியாகத் தடவினால் ஈறு வெந்து புண்ணாகும். பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றில் இதனைத் தடவவே வேண்டா. 5 முதல் 10 மில்லி அளவு விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் கடுமையான கல்லீரல் பாதிப்பும் நேர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. எனவே புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். 108-ஐ அழைத்து, அப்புட்டியையும் கையோடு கொண்டுவாருங்கள்.

யூஜெனாலுக்கு இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் தன்மையும் உண்டு. வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோரும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரும் கிராம்பு எண்ணெயையோ கிராம்புச் சாற்று மாத்திரைகளையோ உட்கொண்டு வந்தால், அதனைத் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.