எருக்குழி இல்லாத வீடுகள்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் வீட்டுக் குப்பை நெடுங்காலம் தனியொரு நிர்வாகச் சிக்கலாகக் கருதப்பட்டதில்லை. காய்கறித் தோலும் அரிசி களைந்த நீரும் கழுநீர்ப் பானை வழியாக மாட்டுக்குச் சென்றன. சாணமும் சாம்பலும் சருகும் கொல்லையிலிருந்த எருக்குழியில் சேர்ந்து மட்கி, கோடையில் வண்டியேறிக் கரிசல் நிலத்துக்குக் குப்பையடிக்கப் பயன்பட்டன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் வளர்ந்து வீட்டு மனைகள் நெருங்கியபோது இந்த ஏற்பாட்டிலிருந்து முதலில் மாடு விலகியது, அடுத்துக் கொல்லை சுருங்கியது. ஒரே மனையில் பல குடும்பங்கள் மேலும் கீழுமாக வாழும் அடுக்குமாடிக் கட்டடம் வந்தபோது வீட்டுக்கும் மண்ணுக்கும் இடையே எஞ்சியிருந்த தொடர்பும் அறுந்தது. திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த சிவகாசியிலும், அதைச் சூழ்ந்த ஊராட்சிகளிலும் குப்பையைப் பற்றி எழும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த அறுபட்ட தொடர்பிலிருந்தே தொடங்குகிறது.

வீட்டுக் குப்பையின் உலர்ந்த பாதியும் மட்கும் பாதியும் ஒரே நிலையில் இல்லை என்பது முதலில் கவனிக்கத் தக்கது. தாள், அட்டை, பால் உறை, கண்ணாடிப் புட்டி, தகரம் ஆகிய உலர்ந்த பொருள்களுக்கு விலையும் வாங்குவோரும் ஏற்கெனவே உண்டு. பழைய பேப்பர் கடையும் பழைய இரும்புக் கடையும் எந்தத் திட்டமும் இல்லாமலே மறுசுழற்சியை நடத்தி வருகின்றன. சிவகாசியைப் பொறுத்தவரை இது வெறும் சில்லறை வணிகமும் அன்று. நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் அச்சாகும் ஊரில், விளிம்பு வெட்டும்போது விழும் தாள் துண்டுகளில் அச்சேறாத வெள்ளைக்கு ஒரு விலை, மை படிந்ததற்கு ஒரு விலை, அட்டைக்கு வேறொரு விலை என்பது தொழிற்கூடத்தில் எல்லாரும் அறிந்த கணக்கு. வேறு ஊர்களில் படித்து முடித்த நாளிதழ்கள் இப்பகுதியில் சுருட்டப்பட்டு வெடிகளின் குழல்களாகின்றன. தரம் பிரித்தால் பணம், கலந்தால் இழப்பு என்பதைத் தொழிலில் இவ்வளவு நுட்பமாக அறிந்த ஊர், வீட்டுக்கு வந்ததும் குழம்புச் சட்டியின் வழிப்பையும் பள்ளிக் குறிப்பேட்டையும் ஒரே பையில் கட்டிப் போடுவது வியப்புக்குரியதே. எண்ணெயும் ஈரமும் படிந்த தாளை எந்த ஆலையும் விரும்பி வாங்குவதில்லை. ஆகவே மட்கும் குப்பையைத் தனியே வைப்பதன் முதல் பயன் உரம் கிடைப்பது என்பதைவிட, உலர்ந்த பாதியின் விலை காப்பாற்றப்படுவது என்றே சொல்லவேண்டும்.

விலைபோகாத உலர் கழிவாக எஞ்சுவது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் ஆகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை இருந்தாலும், நொறுக்குத்தீனி உறைகளும் பொட்டலப் பைகளும் நின்றுவிடவில்லை. இவற்றில் ஒரு பகுதியைச் சாலை போடப் பயன்படுத்தும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கினார், சூடாக்கிய சரளைக் கல்லின்மீது துண்டாக்கிய பிளாஸ்டிக் உருகிப் படலமாகப் படிந்து, கல்லும் தாரும் இறுகப் பற்றிக்கொள்ள உதவுவதே அதன் அடிப்படை. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. எனினும் அந்த முறைக்கும் சுத்தமான, ஈரமற்ற பிளாஸ்டிக்தான் தேவை.

வாங்குவோர் இல்லாத மறு பாதியே உண்மையான சுமை. இந்திய நகரங்களில் ஒருவர் ஒரு நாளில் உண்டாக்கும் குப்பை 200 முதல் 600 கிராம் வரை எனவும், அதில் ஏறத்தாழப் பாதி மட்கக்கூடியது எனவும் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. ஒருவருக்கு 400 கிராம் எனக் கொண்டால், நால்வர் வசிக்கும் 30 வீடுகள் கொண்ட கட்டடத்தில் நாளொன்றுக்கு 48 கிலோ குப்பை சேரும். அதில் சுமார் 24 கிலோ சமையலறைக் கழிவாக இருக்கும். 2016-இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் ‘பெருமளவில் கழிவு உண்டாக்குவோர்’ என வகைப்படுத்தின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மட்கும் கழிவை இயன்ற அளவு தம் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றவேண்டும் என்றும் கூறின. பெரிய வளாகங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட இந்த அளவுக்குள் சிவகாசிப் பகுதியின் சிறிய அடுக்குமாடிகள் பல வரவே மாட்டா. பிரித்துக் கொடுக்கும் கடமை எல்லா வீட்டுக்கும் உண்டு. உரமாக்கும் கட்டாயம்தான் சிறிய கட்டடங்களுக்கு இல்லை. அங்கே உரத்தொட்டி வருவதானால் குடியிருப்போர் சங்கத்தின் விருப்பத்தால்தான் வரவேண்டும்.

உரமாக்கல் என்பது, காற்றின் துணையோடு நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று சிதைக்கும் செயல். அவற்றின் ஆற்றலுக்குக் கரிமமும் உடல் வளர்ச்சிக்கு நைட்ரசனும் தேவை. ஒரு பங்கு நைட்ரசனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் என்ற விகிதம் ஏற்றதாகக் கருதப்படுகிறது. சமையலறைக் கழிவில் நைட்ரசன் மிகுதி, சருகிலும் மரத்தூளிலும் கரிமம் மிகுதி. ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் குவியல் சரியாக வேகும். நன்கு அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். காற்றுப் புகாமல் ஈரம் தேங்கும்போது வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, முடைநாற்றம் எழுகிறது, மீத்தேன் வாயு வெளிப்படுகிறது. அடுக்குமாடிகளில் உரத்தொட்டி கைவிடப்படுவதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் நாற்றமே. அந்த நாற்றத்தின் காரணமோ பெரும்பாலும் சருகுப் பஞ்சம். மரமில்லாத வளாகத்தில் கரிமப் பொருளை முன்கூட்டியே சேமித்து வைக்க எவரும் நினைப்பதில்லை. சிவகாசிப் பகுதியில் இதற்கு மர அறுவைக் கூடங்களின் தூள் கைகொடுக்கும். ஆனால் தீக்குச்சி மருந்தோ வேறு வேதிப்பொருளோ படாத தூளாக இருப்பதை உறுதிசெய்வது கட்டாயம். வழவழப்பான அச்சுத்தாளைக் கிழித்துத் தொட்டியில் இடுவதும் பொருந்தாது. அதன் இடம் பழைய பேப்பர் கடைதான்.

பொதுவான கையேடுகள் அதிக ஈரத்தைப் பற்றியே எச்சரிக்கின்றன. வானம் பார்த்த பூமியான இப்பகுதியிலோ எதிர்ச்சிக்கலும் உண்டு. தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு ஏற்ற வறண்ட காற்றே இங்கே இத்தொழில்களுக்குத் துணைநின்றது. அதே காற்று உரக்குவியலையும் உலர்த்திவிடும். ஈரம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகி, மாதக்கணக்கில் கிடந்தும் குப்பை குப்பையாகவே இருக்கும். 50 முதல் 60 விழுக்காடு வரை ஈரம் இருப்பது நல்லது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனையவேண்டும், நீர் சொட்டக்கூடாது என்பது எளிய சோதனை. தொட்டியை நிழலில் வைப்பதும், ஈரச்சாக்கால் மூடுவதும், அரிசி களைந்த நீரை அவ்வப்போது தெளிப்பதும் இங்கே இன்றியமையாதவை. மண்புழு உரம் தயாரிப்பதானால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனெனில் கோடை வெப்பத்தைப் புழுக்கள் தாங்குவதில்லை. சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களைத் தேடிப்போகாமல் நம் மண்ணிலேயே வாழும் இனங்களைப் பயன்படுத்தும் முறையைப் பரப்பினார் என்பது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது.

இவை எதுவும் புதிய அறிவு அன்று. ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் 1924 முதல் 1931 வரை நடத்திய ஆய்வுகளே அடுக்கிப் புரட்டும் முறைக்கு அறிவியல் வடிவம் தந்தன. நகரக் குப்பைக்கேற்ற மற்றொரு முறையைச் சி. என். ஆச்சார்யா பெங்களூரில் 1939-இல் வகுத்தார். இப்போது விற்கப்படும் ‘ஒரே நாளில் உரம்’ தரும் இயந்திரங்களைப் பற்றி மட்டும் ஒரு சொல் தேவைப்படுகிறது. அவற்றில் பல, கழிவை அரைத்துச் சூடேற்றி உலர்த்துகின்றன. உலர்ந்த தூள் உரம்போலத் தோன்றினாலும் மட்கல் நடந்திருப்பதில்லை, ஆகவே ஈரம் பட்டதும் மீண்டும் நாறத் தொடங்குகிறது. மின்கட்டணம் செலுத்தி வாங்கும் அந்த அவசரத்தைவிட, மூன்று மாதம் காத்திருக்கும் கம்பிவலைத் தொட்டி நம்பகமானது.

சிறிய அளவில் இது நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சென்னையை அடுத்த பம்மல் சங்கரா நகரில் மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் பெண்கள் சிலர் 1994-இல் தொடங்கிய தெருத் தூய்மை முயற்சி, வீடுதோறும் பிரித்து வாங்கி மண்புழு உரமாக்கும் அமைப்பாக வளர்ந்தது. கேரளத்தின் ஆலப்புழையில், சர்வோதயபுரம் கிடங்கைச் சுற்றி வாழ்ந்த மக்களின் எதிர்ப்பால் நகரக் குப்பை அங்கே செல்வது நின்றபோது, 2012-இல் நகராட்சி வேறு கிடங்கைத் தேடுவதை விட்டு வீட்டளவிலும் தெருவளவிலும் உரமாக்கலைத் தொடங்கியது. அங்கே பயன்படும் தும்பூர்முழி தொட்டி, அதை உருவாக்கிய கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையின் ஊர்ப்பெயரைத் தாங்கியது. நான்கடி நீளம், அகலம், உயரம் கொண்டு, எல்லாப் பக்கமும் காற்றுப் புக இடைவெளி விட்டு, சாணம், சருகு, கழிவு என அடுக்கப்படும் அது 90 நாளில் உரம் தருகிறது. ஒரு தொட்டி நிறைந்து வேகும்போது அடுத்தது நிரம்பும்படி சிலவற்றை வரிசையாக வைத்தால், முற்குறித்த 30 வீட்டுக் கட்டடத்துக்கு வாகன நிறுத்தத்தின் ஓர் ஓரமே போதும்.

இடத்தைவிடக் கடினமான கேள்வி, கையைப் பற்றியது. தொட்டியைக் கிளறுவது யார்? பெரும்பாலான கட்டடங்களில் ‘பிரித்தல்’ எனப்படுவது, கலந்து வந்த பையைத் தூய்மைப் பணியாளர் அவிழ்த்து, கெட்டுப்போன சோற்றுக்குள் கைவிட்டுப் பாலுறையையும் புட்டியையும் பொறுக்கி எடுப்பதாகவே இருக்கிறது. சமையலறையில் சில விநாடிகளில் முடியவேண்டிய வேலை இன்னொருவர் உடலின்மீது சுமத்தப்படுகிறது. அந்த இன்னொருவர் எந்தச் சாதியினராக இருப்பார் என்பதில் ஊருக்கு ஐயமே இருப்பதில்லை. மாதவிடாய் அணையாடையும் குழந்தைகளின் அணையாடையும் தனியே சுற்றித் தரப்படவேண்டும் என 2016 விதிகள் கூறியதும், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் வெளியிடப்பட்ட புதிய விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்வதும் இந்தக் கையை முன்னிட்டுப் பார்க்கும்போதே முழுப்பொருள் பெறுகின்றன.

நான்காம் வகையே நாரணாபுரத்துக்கு மிக முக்கியமானது. வண்ணப்பூச்சு டப்பா, பூச்சிமருந்துக் குப்பி, காலாவதியான மருந்து, மின்கலம், குழல்விளக்கு, ஊசி என்று வீட்டு அபாயக் கழிவுக்கு 2016 விதிகள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பட்டாசு இடம்பெறவில்லை. இங்கோ வெடிக்காத சரத்தின் மிச்சமும், நமுத்த மத்தாப்பும், திரித்துண்டும், தொழிலிடத்திலிருந்து உடையோடு வரும் மருந்துத் தூளும் வீட்டுக் குப்பையில் கலக்க வாய்ப்புண்டு. அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் ஈரம் பட்டால் தமக்குள் வினைபுரிந்து சூடேறும். ஈரமும் வெப்பமும் ஒருங்கே உள்ள உரத்தொட்டி இவற்றுக்கு மிகத் தவறான இடம். மட்காத குப்பையைத் தெருமுனையில் கொளுத்தும் வழக்கம் எங்கும் கேடானது, இங்கே அது நேரடி ஆபத்தும்கூட. சென்னை மாநகராட்சி தீபாவளிக்குப் பின் பட்டாசுக் கழிவைத் தனியே திரட்டிக் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. பட்டாசை வாங்கி வெடிக்கும் நகரத்துக்கே இது தேவையென்றால், செய்யும் ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரு தனிச் சேகரிப்பு இருப்பது மிகையாகாது.

வேதிப்பொருள் பற்றிய கவலை உரத்தின் தரத்தையும் தொடுகிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை உரத்துக்கு ஆர்செனிக், காட்மியம், குரோமியம், செம்பு, ஈயம், பாதரசம், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் உச்ச அளவை வரையறுக்கிறது. பச்சை ஒளிக்காகப் பட்டாசில் நெடுங்காலம் சேர்க்கப்பட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்ட பேரியம் அப்பட்டியலில் இல்லை. ஆகவே இப்பகுதியில் தெருக்கூட்டலில் வரும் மண்ணையும் சருகையும், அவை இலைதானே என்று எண்ணி, உரத்தொட்டியில் சேர்ப்பது சரியன்று. குறிப்பாகத் தீபாவளியை ஒட்டிய வாரங்களில் வளாகத்துக்குள் கூட்டிய சருகையும் ஒதுக்கிவிடுவதே நலம். சமையலறைக் கழிவும் தூய மரத்தூளும் மட்டும் கொண்டு செய்த உரம், இட்ட எடையில் கால்பங்கு அளவுக்குக் கருத்து, பொலபொலப்பாக, மழைக்குப் பிந்திய மண்ணின் மணத்தோடு கிடைக்கும். அதைச் சலித்து மாடித் தொட்டிகளுக்கு இட்டதுபோக மிஞ்சுவதைச் சுற்றுப்புறக் கரிசல் உழவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் இருந்தால் அவர்கள் ஒருமுறைக்கு மேல் அதை வாங்கமாட்டார்கள்.