பின்னிருக்கையைத் தொடும் முன்: வேன் வைத்திருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டில் குடும்ப வேனை யாரும் ஒரே ஒரு வேலைக்காக வாங்குவதில்லை. வாரநாளில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் எர்டிகாவோ இன்னோவாவோதான் முகூர்த்த நாளில் சீர்வரிசைத் தட்டுகளை ஏற்றுகிறது, விடுமுறையில் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் குடும்பத்தையே சுமக்கிறது, அறுவடை முடிந்ததும் ஊரிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவருகிறது. பின்னிருக்கைகளை நகர்த்தவும் மடக்கவும் முடிவதால்தான் இத்தனையும் நடக்கிறது. இந்த வசதி நல்லதே. ஆனால் சுலபமாக மடங்குகிறது என்பதாலேயே அதை வீட்டு மடக்கு நாற்காலியைப் போல எண்ணிவிடுகிறோம். வண்டி மோதும்போது உடலைப் பிடித்து நிறுத்த வேண்டிய கடமை அந்த இருக்கைக்கு உண்டு. தளம், போல்ட், கொக்கி, இருக்கைச் சட்டம், சீட் பெல்ட், தலை தாங்கும் ஹெட்ரெஸ்ட் எல்லாம் ஒன்றையொன்று பற்றி நிற்கும்போதுதான் அந்தக் கடமை நிறைவேறும். ஆகவே இருக்கையை அசைக்கிறவர் எவரோ, அதைப் பழைய உறுதியோடு திரும்பப் பொருத்தும் பொறுப்பும் அவருடையதே.

இதை மிகை என்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல ஏறத்தாழ 14 மடங்கு விசையோடு முன்னே பாயும். 30 கிலோ இருக்கை 420 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். 60 கிலோ மனிதர் 840 கிலோவுக்குச் சமமான விசையோடு பெல்ட்டை இழுப்பார். 50 கி.மீ. வேகம் என்பது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அடையும் வேகம். சில வேன்களில் பெல்ட்டின் பக்கிள் இருக்கைச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அங்கே பயணியின் விசையும் இருக்கையின் விசையும் சேர்ந்து தளத்தில் இருக்கும் ஒன்றிரண்டு கொக்கிகளின் மேல் விழுகின்றன. கொக்கி பாதி விழுந்திருந்தால், பெல்ட் போட்டிருந்தும் மனிதர் இருக்கையோடு சேர்ந்தே முன்னே போவார்.

பாதி விழுந்த கொக்கி கற்பனையில் மட்டும் இருக்கும் ஆபத்து என்று தள்ளிவிட முடியாது. 2017 நவம்பரில் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ஒடிசி வேன்களில் ஏறத்தாழ 8 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. 2011 முதல் 2017 வரையிலான மாடல்கள் அவை. நடுவரிசை இருக்கையைக் கழற்றி மாட்டும்போதோ பக்கவாட்டில் நகர்த்தும்போதோ கொக்கி சரியாகப் பூட்டாமல் போகலாம் என்பதும், பிரேக்கை அழுத்தும்போது அந்த இருக்கை முன்னே கவிழலாம் என்பதும்தான் காரணம். சிறு காயங்கள் பற்றிய புகார்களும் வந்திருந்தன. இந்த நிகழ்விலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. இருக்கை பூட்டியதுபோலத் தோன்றுவது வேறு, பூட்டியிருப்பது வேறு. சாதாரண மனிதர் எளிதில் தவறு செய்யும்படி ஒரு பூட்டு அமைந்திருந்தால், அதற்குத் தயாரிப்பாளரும் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு உண்மைகளும் நம் ஊர் வேன்களுக்கும் பொருந்தும்.

மடக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். எர்டிகாவின் மூன்றாம் வரிசையில் முதுகுச் சாய்வு முன்பக்கம் படுத்து, சமதளம் போலாகிவிடும். இன்னோவா கிரிஸ்டாவில் மூன்றாம் வரிசை இருக்கைகளை இரு பக்கமும் தூக்கி, வாரில் மாட்ட வேண்டும். நடுவரிசை பல வண்டிகளில் ஒரே இழுப்பில் மடிந்து முன்னே புரளும். இதனால் ஒரு வண்டியில் பழகிய கை இன்னொரு வண்டியிலும் அதையே செய்யக் கூடாது. வண்டியோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும். பொதுவான விதிகள் சில உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிள்ளைகளைக் கீழே இறக்கிவிட்ட பிறகே லிவரைத் தொட வேண்டும். ஸ்பிரிங் விசையில் மடியும் இருக்கையின் கீலுக்கும் சட்டத்துக்கும் இடையே சிறு விரல் சிக்கினால் நசுங்கிவிடும். லிவரை ஒரு கையால் இழுக்கும்போது மறு கை முதுகுச் சாய்வைப் பிடித்திருக்க வேண்டும். பெல்ட்டை அதற்குரிய பிடிப்பில் ஒதுக்கிவைக்க வேண்டும். தூக்கி மாட்டிய இருக்கையை வாரோ கொக்கியோ இல்லாமல் விட்டால், முதல் திருப்பத்திலேயே அது கீழே விழும்.

மடக்கும்போது காட்டும் கவனம் திரும்ப நிமிர்த்தும்போது நம்மிடம் இருப்பதில்லை. சாமான்களை இறக்கிய களைப்பில் இருக்கையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையான பரிசோதனை அப்போதுதான் தேவை. கொக்கி விழும் குழியில் முறுக்குத் துண்டு, நாணயம், பொம்மை, தரைவிரிப்பின் ஓரம் எதுவும் கிடக்கக் கூடாது. பூட்டும் சத்தம் கேட்டால் மட்டும் போதாது. முதுகுச் சாய்வின் மேல்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். பூட்டாத நிலையைச் சிவப்பு நிறத்தால் காட்டும் அடையாளம் சில மாடல்களில் உண்டு. அது கண்ணுக்குத் தெரியக் கூடாது. பெல்ட் இருக்கையின் அடியில் மாட்டிக்கொள்ளாமல், முறுக்கில்லாமல் வெளியே வர வேண்டும், பக்கிள் மேல்நோக்கி இருக்க வேண்டும். மடக்குவதற்காகக் கழற்றிய ஹெட்ரெஸ்ட் கட்டாயம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்றாம் வரிசையில் தலைக்குப் பின்னால் பல வேன்களில் கண்ணாடிதான் இருக்கிறது. பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்தைக் காப்பது அந்த ஹெட்ரெஸ்ட்தான். சீட் கவர் வாங்குகிறவர்கள், அதன் நாடாக்கள் கொக்கியில் சிக்காதவாறும் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் இருக்கையில் அதன் வாயை மூடாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகர்த்துவதும் சாய்ப்பதும் இதைவிடச் சின்ன வேலையாகத் தெரியலாம். ஓடும் வண்டியில் இருக்கையை நகர்த்தினால், அந்தச் சில நொடிகளுக்கு அது ரெயிலில் பூட்டின்றி ஓடும் பலகையாகிவிடுகிறது. திடீர் பிரேக் அந்த நொடியில் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. முழுக்கச் சாய்த்துக்கொண்டு உறங்குவதும் ஆபத்தே. சாய்ந்த உடலில் பெல்ட் தோளை விட்டு விலகும், இடுப்புப் பட்டை எலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறும். மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, விசை முழுவதும் மென்மையான வயிற்று உறுப்புகளின் மேல் இறங்கும். பெல்ட் தோளிலும் இடுப்பெலும்பிலும் படிந்து நிற்கும் அளவுக்குமேல் சாய்க்காமலிருப்பதே பாதுகாப்பு.

நம்மிடையே மிகப் பரவலான, மிக ஆபத்தான பழக்கம் இரவுப் பயணத்தில் நடப்பது. பின்வரிசைகளை மடக்கி, மெத்தை விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிறோம். பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள், நாம் மெதுவாகத்தான் போகிறோம் என்பது பெற்றோர் சொல்லும் நியாயம். அன்பிலிருந்து வரும் நியாயம்தான். ஆனால் எதிரே வரும் லாரியின் வேகம் நம் கையில் இல்லை. மெத்தையில் கிடக்கும் 20 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றுமே இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி அக்குழந்தை 280 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னிருக்கையிலோ கண்ணாடியிலோ மோதும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் சீட் பெல்ட் அணியாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் பயணிகள். அந்த ஆண்டு செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்ததும் பெல்ட் அணியாத பின்னிருக்கைப் பயணத்தில்தான். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்செல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றம். தூக்கம் முக்கியமென்றால் புறப்படும் நேரத்தை மாற்றலாம், வழியில் தங்கலாம். பிள்ளையின் பெல்ட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது.

சாமான் ஏற்றுவதற்கும் வரம்பு உண்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 17ஆம் வாகன விதியில், இருக்கைக்குப் பின்னால் தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டிகளை வைத்து, மணிக்கு 50 கி.மீ. மோதலில் முதுகுச் சாய்வு தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மொத்தம் 36 கிலோ. நாம் ஏற்றுவதோ 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கும், அதன் மேல் ஒரு கிரைண்டரும். அதனால் கனமானவற்றைத் தளத்தோடு, நிமிர்ந்து பூட்டிய இருக்கையின் முதுகை ஒட்டி வைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். முதுகுச் சாய்வின் உயரத்தைத் தாண்டி அடுக்கக் கூடாது. ஒரு பக்க இருக்கையை மடக்கிச் சாமான் வைத்தால், அதன் பக்கத்தில் குழந்தையை உட்காரவைக்கக் கூடாது. இவ்வளவு செய்தும் இடம் போதவில்லையென்றால், ஒரு குட்டியானை சரக்கு வண்டியை வாடகைக்கு எடுப்பதே விவேகம்.

கழற்றுவது முற்றிலும் வேறு வேலை. கருவி இல்லாமல் கழற்றி மாட்டத் தயாரிப்பாளரே வழி செய்த இருக்கைகள் உலகச் சந்தையில் உண்டு. நம் ஊர் வேன்களில் பெரும்பாலும் பின்னிருக்கை தளத்தோடு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த போல்ட்டின் தலையில் 8.8, 10.9 போன்ற எண்கள் அதன் பலத்தைக் குறிக்கும். தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாக எண்ணே இல்லாத கடைச் சரக்கைப் போடுவது, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கையின் வேரையே அறுப்பதாகும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அளவு உண்டு. டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் அந்த அளவு கிடைக்காது. இருக்கைக்கு அடியில் பெல்ட் எச்சரிக்கைக்கான வயரும், சிலவற்றில் ஏர்பேக் வயரும் ஓடும். சாவி போட்ட நிலையில் அவற்றைப் பிடுங்கக் கூடாது. இருக்கையைத் தூக்க இருவர் வேண்டும், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். கழற்றிய பின் தளத்தில் உட்கார ஒருவரையும் அனுமதிக்கக் கூடாது. ஆகவே கழற்றுவதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் செய்து, வேலையை ஜாப் கார்டில் எழுதிவாங்குவதே நல்லது.

"என் வண்டி, என் காசு, என் சீட்டை நான் கழற்றினால் யாருக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வண்டியில் ஏறும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் வாடகை ஓட்டுநருக்கும் அந்தக் கழற்றல் தெரியாது என்பதே முதல் பதில். சட்டம் சொல்வது இரண்டாவது பதில். பதிவுச் சான்றிதழில் இருக்கை எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. அதிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தி மாற்றினால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கையேடு அனுமதிக்கும்படி இருக்கையை மடக்குவதற்கு இந்தத் தடை இல்லை. குஷன் கடையில் பெஞ்ச் செய்து ஐந்து பேர் வண்டியை எட்டுப் பேர் வண்டியாக்குவதும், பயணி வேனை நிரந்தரமாகச் சரக்கு வண்டியாக்குவதும்தான் சிக்கல். உண்மையிலேயே மாற்றம் வேண்டுமென்றால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுக வேண்டும். "யாரும் பிடிப்பதில்லையே" என்போருக்கு விபத்துக்குப் பின் வரும் காப்பீட்டு ஆய்வை நினைவூட்ட வேண்டும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பயணிகள் இருந்த ஒரு பேருந்து விபத்து வழக்கில், காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு அனுமதித்த எண்ணிக்கையோடு நின்றுவிடும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. எஞ்சியவர்களின் இழப்பு வண்டி உரிமையாளரின் தலையில் விழும்.

உரிமையாளருக்குப் பொறுப்பு மட்டும் இல்லை, உரிமைகளும் இருக்கின்றன. புதிய வண்டியில் கொக்கி ஒழுங்காகப் பூட்டாவிட்டால், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. புகாரை எழுத்தில் கொடுத்து, ஜாப் கார்டில் பதியவைத்து, கைபேசியில் படமும் காணொளியும் எடுத்துவைக்க வேண்டும். குறையுள்ள பொருளால் நேர்ந்த காயத்துக்குத் தயாரிப்பாளர், விற்பவர், பழுதுபார்ப்பவர் ஆகியோரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அங்கே தீரவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஒரே குறை பலரது வண்டியில் இருந்தால் அவற்றைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதற்கு உரிமையாளர்கள் பதியும் புகார்களும் ஓர் அடிப்படை. நாம் புகார் செய்யாமல் விட்டால், அதே குறையுள்ள வண்டியில் போகும் இன்னொரு குடும்பமும் ஆபத்தில் இருக்கும். பழைய வேன் வாங்குகிறவர்கள் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தளத்து போல்ட்களில் துருவோ புதிய வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று பார்த்து, எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பூட்டிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இருக்கையை மடக்குங்கள், நகர்த்துங்கள். அதற்காகத்தான் அந்த வண்டியை வாங்கினீர்கள். வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு இருக்கையையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள், ஒவ்வொருவரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இன்று வேன் எடுக்கும்போதே இந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள், வண்டி ஓட்டக் கற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.