தலைமையாசிரியர்: சொல்லின் முதல் பாதி

'தலைமையாசிரியர்' என்ற சொல்லில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பின்பகுதியான 'ஆசிரியர்' ஆவதற்கு நாம் முறையாகப் படித்திருக்கிறோம். பி.எட். வகுப்பில் கல்வி உளவியல் படித்தோம். நுண்ணிலைக் கற்பித்தலில் ஒவ்வொரு திறனாகப் பழகினோம். பள்ளிகளுக்குச் சென்று பயிற்சி வகுப்புகள் எடுத்தோம். முன்பகுதியான 'தலைமை' மட்டும் பெரும்பாலும் பணிமூப்புப் பட்டியல் வழியாகவே நம்மை வந்தடைகிறது. பதிவேடுகள், நிதி விதிகள், விடுப்பு விதிகள் ஆகியவற்றுக்குப் பயிற்சி கிடைக்கிறது. உடன் பணியாற்றும் பத்துப் பதினைந்து பேரை எப்படி அழைத்துச் செல்வது என்பதை மட்டும் அவரவர் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பணியிடம் நிரப்பப்படும் வரை மூத்த பட்டதாரி ஆசிரியர் என்ற முறையில் பொறுப்பு என்னிடம் வந்தது. பதினொரு மாதங்கள். அந்தப் பதினொரு மாதங்களில் நான் செய்த தவறுகளும், அதற்கு முன்பு என்னை வழிநடத்திய தலைமையாசிரியர்களிடம் கண்ட நல்ல குணங்களும்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு

பொறுப்பேற்ற இரண்டாவது வாரம். ஓர் ஆசிரியை அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகத் தாமதமாக வந்தார். காலை வணக்கக் கூட்டம் முடிந்து மாணவர்கள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "டீச்சர், இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?" என்று வராந்தாவிலேயே சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

மறுநாளிலிருந்து சரியான நேரத்துக்கு வந்தார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் கணக்கு புரிந்தது. மாலையில் அரை மணி நேரம் இருந்து மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், அதை நிறுத்திவிட்டார். கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர், பெயர் கொடுக்கவில்லை. நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். விதிப்படி அவர்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் பதினைந்து நிமிடத்தைப் பிடிக்கப்போய் மாலையில் அரை மணி நேரத்தையும் ஒருவருடைய மனத்தையும் இழந்திருந்தேன்.

அவருடைய தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது என்பது ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முதல் பாடவேளையில் ஆசிரியர் இல்லாத வகுப்பில் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தாம். ஆகவே கண்டிப்பு தேவை. ஆனால் அது அறைக்குள், தனியாக, காரணம் கேட்டபின் நிகழ வேண்டும். திருக்குறளின் பொருட்பாலில் 57-ஆவது அதிகாரத்துக்கு 'வெருவந்த செய்யாமை' என்று பெயர். பிறர் அஞ்சி நடுங்கும்படி நடக்காமல் இருப்பதை ஆள்பவருக்கு உரிய தனிப் பண்பாகவே வள்ளுவர் வைத்திருக்கிறார். அந்த அதிகாரத்தைப் பலமுறை கடந்துபோயிருக்கிறேன். வராந்தாவில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

பொதுவில் சொன்னதைப் பொதுவில்தான் திரும்பப் பெற வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் தலையசைத்தார். அடுத்த கலந்தாய்வில் மாறுதல் பெற்றுச் சென்றுவிட்டார். என் வருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மற்ற ஆசிரியர்கள் தங்கள் சிரமங்களை என்னிடம் முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார்கள்.

கேட்கும் பொறுமை

பொருட்பாலின் வரிசையைக் கவனித்தால் ஒரு செய்தி புலப்படும். தலைவனின் சிறப்பைக் கூறும் 'இறைமாட்சி' 39-ஆவது அதிகாரம். அதை அடுத்துக் கல்வி, கல்லாமை. அவற்றை அடுத்து 42-ஆவதாகக் 'கேள்வி'. அதாவது கேட்டு அறிதல். படையும் தூதும் பிற்பாடுதான் வருகின்றன.

எங்கள் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளில் சிலர் மதிய இடைவேளைக்குப் பிறகு அடிக்கடி வீட்டுக்குச் செல்ல அனுமதி கேட்டார்கள். தலைவலி, வயிற்றுவலி என்று காரணம் சொன்னார்கள். வகுப்பாசிரியர்களைக் கேட்டேன்; பெற்றோரை அழைத்துப் பேசினேன். பிடி கிடைக்கவில்லை. ஒருநாள் தூய்மைப் பணியாளரான அக்காவிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "மத்தியானத்துக்கு மேல மோட்டார் எடுக்கறதில்லைங்க சார். டாய்லெட்டுல தண்ணி நின்னு போயிடுது. பொம்பளப் புள்ளைக என்னங்க பண்ணும்?"

"எத்தனை நாளாக?" என்றேன்.

"நாலு மாசம் இருக்குங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"யாருங்க என்கிட்ட கேட்டாங்க?"

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி அந்த வாரமே மோட்டாரைச் சரிசெய்தோம். மதிய அனுமதிக் கடிதங்கள் பெருமளவு குறைந்தன. நான்கு மாதங்களாகத் தீர்வு எங்கள் வளாகத்துக்குள்ளேயே, கையில் துடைப்பத்தோடு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தலைமையில் இருப்பவரிடம் பேச வருபவர்கள் பெரும்பாலும் துணிச்சல் உள்ளவர்கள்தாம். வராதவர்களிடம் நாம் போக வேண்டும். சத்துணவு அமைப்பாளர், பகுதிநேர ஆசிரியர், புதிதாகப் பணியேற்ற இளம் ஆசிரியர் ஆகியோர் தாமாக வந்து குறை சொல்ல மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் அவர்களை அழைத்தால் சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றுகிறோம். கேட்பதற்காக அழைத்தால் பள்ளியைக் காப்பாற்றுகிறோம்.

பழியைத் தாங்கும் துணிவு

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் இலக்கை எட்டாமல் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். அன்று செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்கான பொறுப்பைத் தாமே ஏற்றவர் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாமே இதைப் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

நமக்கெல்லாம் தெரிந்த நிகழ்ச்சிதான். மாணவர்களுக்கும் சொல்கிறோம். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு நடக்கும் மீளாய்வுக் கூட்டத்தில் நாம் யாராக இருக்கிறோம்? "ஏன் குறைந்தது?" என்ற கேள்வி எழுந்தவுடன் பாட ஆசிரியரின் பெயர் நம் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது.

நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் என் அறிவியல் பாடத்தில் தேர்ச்சி சரிந்தது. தலைமையாசிரியர் ஐயா மீளாய்வுக் கூட்டத்துக்குப் போய்வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் வழக்கம்போல "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். சில மாதங்கள் கழித்து வேறு பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மூலமாகத்தான் தெரிந்தது. "அவர் புது ஆசிரியர். மூன்று வகுப்புகளோடு தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி எல்லாவற்றையும் அவர்மேல் போட்டது நான். குறை என்னுடையது" என்று அங்கே சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு யாரும் சொல்லாமலேயே காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு தொடங்கினேன். அடுத்த ஆண்டும் நூறு விழுக்காடு வரவில்லை. ஆனால் சரிந்தது நிமிர்ந்தது. விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்திருந்தால் நான் நல்ல விளக்கம் ஒன்றை எழுதியிருப்பேன். எட்டு மணிக்கு வந்திருக்க மாட்டேன்.

பங்கீட்டில் நேர்மை

ஆசிரியர் அறையில் மனக்கசப்பு பெரும்பாலும் பெரிய கொள்கைகளால் வருவதில்லை. விடுப்பில் இருப்பவரின் வகுப்புக்கு யார் போவது, கடைசிப் பாடவேளை யாருக்கு, சனிக்கிழமைப் பயிற்சிக்கு யார் போவது என்பவற்றால்தான் வருகிறது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடங்குவது கடினம்.

நான் ஓர் எளிய வழியைக் கையாண்டேன். மாற்று வகுப்புகளுக்கு ஒரு நோட்டுப் போட்டு ஆசிரியர் அறை மேசையிலேயே வைத்தேன். யாருக்கு எத்தனை என்பதை யாரும் எப்போதும் பார்க்கலாம். என் பெயரும் அதில் இருந்தது. என் முறை வந்தபோது நானும் வகுப்புக்குப் போனேன். பள்ளியில் முணுமுணுப்பு ஓய்வதற்குச் சுற்றறிக்கையைவிட அந்த நாற்பது ரூபாய் நோட்டு அதிகம் உதவியது.

இதிலும் ஒரு தவறு செய்தேன். எமிஸ் இணையதளப் பதிவுகள் எனக்குச் சரியாக வராது. இளம் ஆசிரியை ஒருவர் விரைவாகச் செய்வார். "எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டபோது மகிழ்ச்சியாகவே கற்றுக்கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் மதிப்பு குறையாது என்று அன்று உணர்ந்தேன். ஆனால் கற்ற பிறகும் சோம்பலில் எல்லாப் பதிவுகளையும் அவரிடமே தள்ளினேன். அவருடைய பாடத்திட்டம் பின்தங்கிய பிறகுதான் விழித்தேன். இழுக்கிற மாட்டின் மேலேயே மேலும் மூட்டையை ஏற்றுவது நம் அலுவலகங்களின் பழைய நோய். நன்றாக வேலை செய்பவருக்குத் தண்டனையாக மேலும் வேலை கிடைத்தால், மற்றவர்கள் திறமையை மறைத்துவைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

பிறர் திறனை நம்புதல்

குஜராத்தின் ஆனந்த் நகரில் வளர்ந்த பால் கூட்டுறவு இதற்கு நல்ல சான்று. 1946-இல் தொடங்கிய கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் திரிபுவன்தாஸ் படேல். 1949-இல் அங்கே வந்த வர்கீஸ் குரியன், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். படேல் அவரை அங்கேயே தங்கவைத்து நிர்வாகத்தை நம்பி ஒப்படைத்தார். விவசாயிகளின் நம்பிக்கையைக் காப்பது படேலின் வேலை. தொழிலை நடத்துவது குரியனின் வேலை. குரியனும் அதே வழியில் தம் நண்பர் எச்.எம். தலாயாவை அழைத்துவந்தார். எருமைப்பாலிலிருந்து பால் பவுடர் தயாரிக்க முடியாது என்று மேலைநாட்டு வல்லுநர்கள் கருதிய காலத்தில் தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-இல் ஆனந்தில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது.

மூவரில் எவரும் மற்ற இருவரின் வேலையைத் தாமே செய்ய முயலவில்லை. வள்ளுவர் 52-ஆவது அதிகாரமான 'தெரிந்து வினையாட'லில் வலியுறுத்துவதும் இதுதான்: ஆராய்ந்து ஆளைத் தேர்ந்தெடு, தேர்ந்தபின் வேலையை அவரிடம் விடு. நம்மில் பலர் பாதி செய்கிறோம். ஆண்டுவிழாப் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மேடைத் துணியின் நிறம் வரை நாமே முடிவு செய்கிறோம். அப்படிச் செய்தால் அவரிடம் இருப்பது பொறுப்பு அல்ல, வெறும் அலைச்சல்.

பிறவிக் குணங்களா?

பொறுமை, துணிவு, நேர்மை, நம்பிக்கை ஆகியவை பிறப்பிலேயே வருபவை, எனக்கு வராது என்று நினைக்க வேண்டியதில்லை. கோபம் வந்தபின் பத்து நிமிடம் கழித்துப் பேசுவது ஒரு பழக்கம். நாள்தோறும் ஒருவரிடமாவது "ஏதாவது சிரமம் இருக்கிறதா?" என்று கேட்பது ஒரு பழக்கம். பலமுறை செய்த பழக்கமே நாளடைவில் குணமாகிறது. மாணவர்களுக்கு இதைத்தானே சொல்கிறோம்?

தலைமையாசிரியர் மட்டுமல்ல, முப்பது பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியராக இருப்பவரும் தலைவர்தான். ஈராசிரியர் பள்ளியில் மூத்தவரும் தலைவர்தான். மாதம் ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகள்:

• இந்த மாதம் யாரையாவது பிறர் முன்னிலையில் குறை கூறினேனா? அதைச் சரிசெய்தேனா?
• என்னிடம் வந்து பேசாதவர் யார்? நான் அவரிடம் போனேனா?
• ஒரு குறை வெளியே பேசப்பட்டபோது என் பெயரைச் சொன்னேனா, பிறர் பெயரைச் சொன்னேனா?
• கடினமான வேலைகளின் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா?
• ஒப்படைத்த வேலையில் தலையிடாமல் இருந்தேனா?

பதினொரு மாதம் முடிந்து முறையான தலைமையாசிரியர் வந்தார். நான் மீண்டும் அறிவியல் ஆசிரியராக ஆசிரியர் அறைக்கே திரும்பினேன். சில ஆண்டுகளில் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரலாம். அப்போது விதிகளைப் பார்த்துக்கொள்ளப் புத்தகங்கள் இருக்கும். ஆனால் தாமதமாக வரும் ஓர் ஆசிரியர் வராந்தாவில் எதிரே வரும்போது பார்த்துக்கொள்ள எந்தப் புத்தகமும் கையில் இருக்காது. "உள்ளே வாங்க டீச்சர், உட்காருங்க, என்ன ஆச்சு?" என்று கேட்க இப்போதிருந்தே பழகிவருகிறேன்.