பழைய ஸ்கூட்டருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்...



1972-இல் அறிமுகமான பஜாஜ் சேத்தக், பெட்ரோல் வண்டி உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகியும், நம்மில் சிலரிடம் இன்னும் உழைக்கிறது. முன்தட்டில் உப்பு மூட்டை ஏற்றியே என் வண்டி துருவேறிவிட்டது. கழற்றாமல் காகிதம் ஒட்டி அடித்துத் தருவதாகக் கருங்குழியில் பெயிண்டர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. துரு இருப்பது மட்கார்டின் உட்புறம். போர்க்கை இறக்காமல் அது வெளியே வராது.

முன்பக்கத்தைக் கட்டை கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றவும். பிறகு ஹெட்லைட், ஒயர்கள், கேபிள்கள். கியருக்கு இரண்டு கேபிள். மாற்றி மாட்டினால் கியர் தலைகீழாக விழும். மூட்டை தைக்கும் நூலை அடையாளமாகக் கட்டினேன். ஹேண்டில்பாரைத் தளர்த்தி மேலே எடுத்தால் கோன்செட் நட்டு தெரியும்.

அதைத் திருகும்போதுதான் கவனம் தேவை. போர்க் இறங்கும்போது குண்டுகள் உதிரும். கீழே ஒரு தாம்பாளம் வையுங்கள். மேல் குண்டு, கீழ் குண்டு இரண்டையும் தனித்தனியே எண்ணி வையுங்கள். முன்பு ஒருமுறை மெக்கானிக் ஒருவர் குண்டு குறைவாகப் போட்டுப் பூட்டிவிட்டார். மதுராந்தகம் போகும் வழியில் ஹேண்டில் ஆடி, லாரிக்கு முன்னால் விழப் பார்த்தேன். மிளகாய் மூட்டையை எண்ணாமல் இறக்காத நான், குண்டை எண்ணாமல் விட்டேன்!

இம்முறை புதுக் குண்டுகளே வாங்கி, கிரீஸ் தாராளமாக வைத்தேன். குண்டு உட்காரும் இடத்தில் பெயிண்ட் படக்கூடாது. துணி சுற்றிக் கொடுங்கள். பூட்டியபின், சக்கரம் தரையில் படாத நிலையில், ஹேண்டில் லேசாகத் தட்டினாலே திரும்ப வேண்டும். போர்க்கை முன்பின் ஆட்டினால் கடகடக்கக் கூடாது.

நிறத்தை மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். நான் பழைய நீலத்தையே அடிக்கச் சொல்லிவிட்டேன்.